நான்காவது காலுக்கு மடித்த காகிதம்

நோட்ஸ்காரருக்கு அந்தப் பெயரை வைத்தது மாமியார் வீடுதான். பள்ளிப் பாடங்களுக்கு நோட்ஸ் எழுதுவது அவர் பிழைப்பு. எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் படிமம் எது, வடிவம் ஏன் இப்படி, யார் கோணத்தில் சொல்லப்படுகிறது என்று கூறு போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் குடும்பத்தில் கவிதை என்றால் அவர்தான். இளைய மருமகனை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவன் காப்பீட்டு அலுவலகத்தில் கிளார்க்.

அந்தக் கிளார்க்கின் கவிதை புதிய பாடநூலில் வந்துவிட்டது.

சகலை கவிதை எழுதுவான் என்பதே அன்றைக்குத்தான் நோட்ஸ்காரருக்குத் தெரியும். மனைவி போனில் தங்கையோடு சிரித்துச் சிரித்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகைகளிலிருந்து போன வேகத்தில் திரும்பி வந்த தன் கவிதைகள் நினைவுக்கு வந்தன. வயிறு எரிந்தது. மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

"என்னங்க, எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா படிச்சா என்னமோ பண்ணுது," என்றாள் மனைவி.

"புரியாத வரைக்கும் எல்லாமே அப்படித்தான் இருக்கும்."

ஆனால் அதற்கும் அவர்தானே நோட்ஸ் எழுத வேண்டும்? மோதிரக் கையால் குட்டுப்படுவது என்பார்கள். இவருக்கோ கிளார்க் கையால் குட்டு. கவிதையைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

நாற்காலிக்கு மூன்று கால் சரியான உயரம்.
நான்காவதற்கு மடித்த காகிதம்.
அவர் பேசுகிறார்,
வீடு மெல்லுவதை நிறுத்துகிறது.
கீழிருந்து எனக்குத் தெரிவது
ஆடாத அந்தக் கால்கள்.

நானும் ஒன்று சொல்ல இருந்தேன்.

இவ்வளவுதானா என்று இருந்தது. எழுதித் தள்ளினார். நாற்காலி, அதிகாரம். மடித்த காகிதம், வாக்குச்சீட்டு. வீடு என்பது நாடு. கீழிருந்து பார்ப்பவன் ஏழைக் குடிமகன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எரிச்சல் விடவில்லை. 'கடைசி வரி காரணமின்றித் தனித்து நிற்பது கவிஞரின் வடிவப் பயிற்சிக் குறைவு' என்று ஒன்றைச் சேர்த்த பிறகுதான் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

புத்தகம் அச்சாகி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனபோது சகலையின் மகளுக்கு ஒரு பிரதி கொண்டுபோனார். அவளுக்கும் அந்த வகுப்புதான்.

கூடத்தில் எல்லாரும் தரையில் பாய் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவருக்கு மட்டும் வழக்கம்போல் கை வைத்த நாற்காலி. தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது.

"காகிதம் நகந்திருக்கும் மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

குனிந்தார். பழைய புரூஃப் தாளை நாலாக மடித்து அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது அவரேதான். அதைத் தள்ளி வைக்கப் போன கை அப்படியே நின்றது. எதிரே, பாயின் கடைசியில், சகலை அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தக் கவிதை..."

சகலையின் முகம் சிவந்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணே? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாயைத் திறந்தா எல்லாரும் சாப்பிடறத விட்டுட்டுக் கேப்பாங்க. நான் ஏதாவது சொல்ல வருவேன், அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிருவீங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். அந்தப் பொறாமையிலதான் எழுதினேன்."

நோட்ஸ்காரருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பாடநூல் கவிஞன் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான்! இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒரு நொடியில் அணைந்தது.

"முதல் தடவை படிச்சப்பவே தெரியும்," என்றார், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து.

"தெரியும்னு எனக்கும் தெரியும். அதான் இவ அர்த்தம் கேட்டப்ப, பெரியப்பா நோட்ஸ்ல பாத்துக்கன்னு சொல்லிட்டேன்."

"இதோ இருக்குப்பா," என்று மகள் புத்தகத்தைப் பிரித்தாள். நோட்ஸ்காரர் கை நீட்டுவதற்குள் சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டாள். வாக்குச்சீட்டு வந்தது. ஏழைக் குடிமகன் வந்தான். வடிவப் பயிற்சிக் குறைவும் வந்தது.

சகலை பாயைப் பார்த்தான். அந்த நீளப் பாயின் ஓரத்தில் அவன் ஒருவன்தான் தனியாக உட்கார்ந்திருந்தான். பிறகு நிமிர்ந்து நோட்ஸ்காரரைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. பொறாமையும் இல்லை.

"அதையே எழுதிடும்மா. மார்க் போட்டுருவாங்க," என்றான் மகளிடம்.

தட்டோடு எழுந்து உள்ளே போனான். ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான்.

வீடு மெல்லுவதை நிறுத்தியது.