பாங்கு வரைக்கும் சொன்ன குழம்பு

ஆம்பூரில் பஞ்சாட்சரம் குடியிருந்த வீட்டுக்குக் கொல்லையில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மண்சுவர். இடதுபுறம் ஹலீமா பீயின் வீடு. தோல் மண்டிக்காரர் குடும்பம், பெண்கள் பிற ஆண்கள் கண்ணில் படாத கோஷா. வலதுபுறம் தேவசகாயம் வாத்தியாரின் வீடு. அவர்கள் கிறிஸ்தவர்கள். நடுவில் இவர்கள், வெங்காயம் வரைக்கும் சம்மதிக்கிற சைவம். கறிவேப்பிலை சுவரைத் தாண்டும். எலுமிச்சம்பழம் தாண்டும். அவசரத்துக்குக் கொட்டாங்கச்சியில் நெருப்புகூடத் தாண்டும். சமைத்த பண்டம் மட்டும் தாண்டாது. அது பற்றி யாருக்கும் சண்டையும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை. அப்படித்தான் என்று இருந்தார்கள்.

பண்டம் தாண்டாத குறைக்குப் பேச்சு தாண்டியது. பொழுது சாய அடுப்பு மூட்டும் நேரத்தில், இன்றைக்கு என்ன சமையல் என்று மூன்று கொல்லையிலிருந்தும் பெண்கள் கத்திச் சொல்லிக்கொள்வார்கள். என்ன போட்டேன், எவ்வளவு வறுத்தேன், எதில் ஏமாந்தேன் எல்லாம் வரும். பஞ்சாட்சரத்தின் மனைவி மரகதம் ஐந்து வருஷம் ஹலீமா பீயின் சமையலைக் காதால் சாப்பிட்டாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாளே தவிர, கையால் ஒரு பருக்கை வாங்கியதில்லை. பஞ்சாட்சரம் முகத்தையும் பார்த்ததில்லை. அவனுக்கு ஹலீமா பீ என்றால் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

பங்குனியில் மரகதம் விஷஜுரத்தில் போய்ச் சேர்ந்தாள். நடுக்கொல்லை ஊமையாயிற்று.

பஞ்சாட்சரம் பட்டணத்தில் பி.ஏ. படித்தவன். ஒரு தோல்ஷாப்பில் சீமைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதும் வேலை. சீமையில் தோல் விலை விழுந்திருந்த வருஷம் அது. எழுதவும் அதிகம் இல்லை. பகலில் குழந்தை ஞானாம்பாளை எஸ்தர் பார்த்துக்கொண்டாள். எஸ்தர் தேவசகாயத்தின் மனைவி. சாயங்காலம் அவன் வருவான், சட்டையைக் கழற்ற மாட்டான், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் காபி கிளப்புக்குப் போவான். இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். பிறகு ஸ்டேஷன் வரைக்கும் நடப்பான். ஒரு வண்டி வரும், போகும். திரும்ப நடப்பான். வீட்டில் உட்கார அவனால் முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே என்று தெரியவில்லை. அடுப்பில் பூனை தூங்குகிறது என்று ஏழை வீட்டுக்குச் சொல்வார்கள். அவன் வீட்டில் சம்பளம் இருந்தது, அரிசி இருந்தது, அடுப்பில் பூனையும் நிஜமாகவே தூங்கியது.

ஆவணியில் மரகதத்தின் அக்கா வள்ளியம்மாள் திருப்பத்தூரிலிருந்து வந்தாள். வந்தவள் நேரே அடுப்பைப் பார்த்தாள். பூனை எழுந்து சோம்பல் முறித்துவிட்டுப் போயிற்று.

"மாப்ளே, தாயில்லாத பொண்ணு கிளப்புச் சோறு தின்னு வளர வேணாம். ஐப்பசியில வர்றேன். அப்போ இந்த வூட்ல அடுப்பு எரிஞ்சா ஞானம் உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லாட்டி என்னோட கூட்டிட்டுப் போய்டுவேன். சரிங்களா?"

அவன் தலையை ஆட்டினான். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் ஆட்டினான். மறுநாள் ஷாப்பில், பாதிக் கடிதத்தில்தான், என்னத்துக்குத் தலையை ஆட்டினோம் என்பது உறைத்தது. பேனாவை வைத்துவிட்டு, தோல் பதனிடக் குவித்திருந்த ஆவாரம்பட்டை அம்பாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மேஸ்திரி இரண்டு முறை பார்த்துவிட்டு, மூன்றாம் முறை பார்க்காத மாதிரி போனார்.

அன்று சாயங்காலம் கிளப்புக்குப் போகாமல் கொல்லையில் நின்றான். பிற ஆணோடு ஹலீமா பீ நேரே பேசுவதில்லை. பேச வேண்டியதைக் குழந்தையிடம் சொல்வாள். இவனும் குழந்தையிடம் பதில் சொல்வான். நடுவில் ஞானம் தபால்காரி.

"ஞானம், இன்னைக்கி உங்க வூட்ல இன்னா சமையல்?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. ஐந்தாறு மாதத்தில் முதல் தடவை. ஆள் நிற்கும் அரவம் கேட்டிருக்க வேண்டும்.

ஞானம் அப்பாவைப் பார்த்தாள். அவன் யோசித்தான். சமையல் என்றதும் மனசில் வந்த முதல் பெயரைக் குனிந்து காதில் சொன்னான்.

"கீரை!" என்று கத்தினாள் ஞானம். "கீரை மசியலாம்!"

வலதுபுறச் சுவருக்குப் பின்னால் எஸ்தர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள்.

"அய்யய்யோ, ராத்திரிக்குக் கீரையா? பி.ஏ. படிச்சவங்க வூட்ல ராத்திரியில கீரை தின்றாங்கக்கா! நாங்கல்லாம் மூடருங்க, பகல்லயே தின்னுட்றோம்."

"சும்மா இரு எஸ்தரு," என்றாள் ஹலீமா பீ. அவள் குரலிலும் சிரிப்பு இருந்தது. அப்புறம் இல்லை. "ஞானம், அப்பாகிட்ட சொல்லு. அடுப்பே மூட்டலன்னு எனக்குத் தெரியும். புகை இல்லாம எந்த வூட்லயும் கீரை வேவாது. முதல்ல பூனையைத் தொரத்தச் சொல்லு. அரிசி களையச் சொல்லு. மீதி நான் சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சாயங்காலந்தோறும் குரல் வரும். அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கஞ்சியை எப்போது வடிப்பது. பார்க்காமலே சொன்னாள். "கொதி சத்தம் மாறிச்சா கேளு ஞானம். தடதடன்னு இருந்தது குபுகுபுன்னு ஆச்சான்னு கேளு." முதல் சோறு குழைந்தது. அடுத்தது விரைத்தது. பிறகு சோறு சோறானது. ரசமும் வந்தது, ஒரு மாதிரி. அதற்குள் அவன் கையில் சூட்டுக் கொப்புளங்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே ஷாப்பில் கடிதம் எழுதினான். ஏனோ அவை ஆறுவது அவனுக்குப் பிடிக்கவில்லை.

குழம்புக்கு இன்னும் வரவில்லை. ஐப்பசி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, சாவகாசமாகச் சொல்கிறேன் என்றிருந்தாள் ஹலீமா பீ.

ஐப்பசி பிறக்குமுன்னே வள்ளியம்மாள் வந்து நின்றாள். புரட்டாசிக் கடைசி, வானம் மூடிக்கொண்டு மழை பெய்யாமல் இழுத்தடித்த ஒரு சாயங்காலம். தோல் வாடை தெருவிலேயே படிந்து கிடந்தது. கையில் துணி மூட்டை, கூடையில் பிஞ்சுக் கத்தரிக்காய்.

"சொல்லிட்டு வந்தா யாரையாவது வெச்சு ஆக்கி வெப்பீங்க," என்றாள். உள்ளே போனாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தாள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். "சோறு சரி. குழம்பு?"

"இனிமேத்தான் அண்ணி."

"வையுங்க. கத்தரிக்காய் இருக்குது. புளிக்குழம்பு போதும். நான் ஒண்ணும் தொடமாட்டேன். பாக்கத்தான் வந்தேன்." கொல்லை வாசற்படியில், அடுப்பு தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். ஞானத்தை இழுத்து மடியில் வைத்துத் தலையைப் பிரித்துப் பேன் பார்க்க ஆரம்பித்தாள். தபால்காரி அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

பஞ்சாட்சரம் சட்டியை எடுத்தான். வைத்தான். கரண்டியை எடுத்தான். அதையும் வைத்தான்.

"எஸ்தரு!" என்று இடதுபுறத்திலிருந்து குரல் உயர்ந்தது. வழக்கத்தைவிட உரக்க. "கேட்டியா, நம்ம வூட்ல இன்னைக்கி கத்தரிக்கா புளிக்கொழம்பு! எலுமிச்சங்கா அளவு புளியை சுடுதண்ணியில போட்டுட்டேன்!"

பஞ்சாட்சரம் புளியை எடுத்தான்.

"இன்னாக்கா இது, நேத்து கறின்னு சொன்னே, இன்னைக்கி புளிக்கொழம்பா?" என்றாள் எஸ்தர். "ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பெல்லாம் நல்லா இருக்குது. கேளு. சட்டியில ரெண்டு கரண்டி கடலெண்ணெ ஊத்திட்டேன். காயட்டும்."

"ஊத்து. அத எனக்கு எதுக்கு சொல்றே? நான் இன்னா எண்ணெயே பாக்காதவளா?"

"எஸ்தரு, உனக்கு புத்தி எப்ப வரும்? ஞானத்தோட பெரியம்மா வந்திருக்காங்க போல, கொரல் கேட்டுது. சத்தம் போடாம கேளு. கடுகு போட்டேன். வெடிச்சிருச்சி. வெந்தயம் கொஞ்சம், கம்மியா. ஜாஸ்தி போட்டா கசக்கும்."

எஸ்தருக்கு விஷயம் பிடிபட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கச் சொன்னாள்: "ஆமாக்கா! வெந்தயம் கம்மி! அப்புறம் வெங்காயமாக்கா?"

"வெங்காயம். செவக்கட்டும். அப்புறம் கத்தரிக்கா. எண்ணெயிலயே தோல் சுருங்கணும்."

பஞ்சாட்சரம் குரலுக்கு ஒரு எட்டுப் பின்னால் ஓடினான். கத்தரிக்காய் சுருங்கியது. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு. தும்மல் வந்தது. வள்ளியம்மாள் பேன் பார்க்கும் கையை நிறுத்தவில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

"புளித்தண்ணி ஊத்திட்டேன் எஸ்தரு. தளதளன்னு கொதிக்குது. இப்போ முக்கியமா இன்னான்னா..."

பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது.

குரல் அப்படியே நின்றது. செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம். கதவு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

பஞ்சாட்சரம் கரண்டியோடு நின்றான். குழம்பு கொதித்தது. முக்கியமா இன்னா? விறகைத் தள்ளுவதா, இழுப்பதா? வலதுபுறத்தைப் பார்த்தான். எஸ்தருக்குச் சொல்லத் தெரியும். ஆனால் அங்கே அவள் கைக்குழந்தை அழுதது, அவளும் உள்ளே போய்விட்டாள் போலிருந்தது.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் வள்ளியம்மாள்.

அவன் இடதுபுறச் சுவரைப் பார்த்தான்.

"அந்தம்மா தொழுவப் போய்ட்டாங்க. அதானே? கடுகு வெடிச்சப்பவே தெரியும் மாப்ளே. எந்த வூட்லயும் இவ்ளோ வெலாவாரியா ஒருத்தி கொழம்பு வெக்கமாட்டா."

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்குக் குழம்பு வைக்கத் தெரியாது அண்ணி. சோறும் அவங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"தெரியாதுன்னு மொதல்லயே சொல்றது."

"சொன்னா நீங்க கூட்டிட்டுப் போய்டுவீங்க."

வள்ளியம்மாள் ஞானத்தின் தலையைப் பின்ன ஆரம்பித்தாள். இழுத்துப் பின்னினாள். குழந்தை முகம் சுளித்தது. "போனா உங்களுக்கு இன்னா? வயசு இருக்குது. உத்தியோகம் இருக்குது. நிம்மதியா கிளப்புல சாப்ட்டுக்கலாம்."

"சாப்ட்டுக்கலாம்." நிறுத்தினான். "வீட்டுக்கு வரமுடியாது."

"இன்னா?"

"இவளைப் படுக்க வைக்கத்தான் வர்றேன். இவ இல்லாட்டி ஸ்டேஷன்ல இருந்து திரும்ப மாட்டேன். எங்க போவேன்னு எனக்கே தெரியாது."

மரகதம் போன பிறகு இவ்வளவு நீளமாக அவன் பேசியது அதுதான் முதல். வள்ளியம்மாள் பின்னலைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். முடிச்சுப் போட மறந்திருந்தாள்.

"அது உங்களுக்கு நல்லது," என்றாள் கடைசியில். "புள்ளைக்கு?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு.

இடதுபுறக் கொல்லைக் கதவு படாரென்று திறந்தது.

"தம்பி!" என்று ஒரு அலறல். ஞானத்துக்கு இல்லை, எஸ்தருக்கு இல்லை. "பஞ்சாட்சரம் தம்பி! அடி பிடிக்குது! வாசனை இங்க வருது! வெறகை இழு! இழு!"

அவன் பாய்ந்து விறகை இழுத்தான். தீப்பொறி சிதறியது.

"கரண்டி போடாதே! அடியைச் சொரண்டினே, தொலைஞ்சே! மேலாக வேற சட்டியில ஊத்து! சட்டி இருக்குதா?"

"இருக்குது!" என்று அவனும் நேரே கத்தினான்.

வள்ளியம்மாள் எழுந்துவிட்டாள். தொடமாட்டேன் என்றவள் இரண்டாவது சட்டியை எடுத்து நீட்டினாள். அவன் வேட்டித் தலைப்பால் பிடித்துச் சாய்த்தான். பாதிக்கு மேல் வந்தது. மீதி கருகிய அடியோடு நின்றது.

"வந்திருச்சா?"

"வந்திருச்சுங்க!" என்றவள் வள்ளியம்மாள். சுவரைப் பார்த்துக் கத்தினாள். "பாதி போச்சு, பாதி வந்துச்சு! அக்கா, தொழுகையைப் பாதியில விட்டுட்டா வந்தீங்க?"

"இல்லம்மா, முடிச்சுட்டேன். ஆனா மனசு பூரா உங்க சட்டியிலதான். அல்லா மன்னிக்கட்டும்." மூச்சு வாங்குவது கேட்டது. "தீயைக் கொறைன்னு சொல்றதுக்குள்ள பாங்கு வந்திருச்சி. என் தப்புதான். நீங்க புள்ளையைக் கூட்டிட்டுப் போறதுன்னா தம்பி மேல தப்பு சொல்லாதீங்க. ரெண்டு மாசமா பாக்கறேன்... பாக்கல, கேக்கறேன். ஒரு நாள்கூட ஆறின சோறு போடல."

வள்ளியம்மாள் குழம்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "கருகல் வாசனை இருக்குது. உப்பு கம்மி," என்றாள். "தட்டு போடுங்க."

மூவரும் சாப்பிட்டார்கள். ஞானம் கத்தரிக்காயை ஒதுக்கி வைத்துவிட்டு, குழம்பை மட்டும் பிசைந்து தின்றாள். பஞ்சாட்சரம் நடுவில் இரண்டு தரம் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தான். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கை கழுவும்போது வள்ளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "காலையில திருப்பத்தூர் வண்டிக்கு டிக்கட் எடுத்துக் குடுங்க."

அவன் நின்றான். "எத்தனை?"

"ஒண்ணு." வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "சந்தோஷப்படாதீங்க. கார்த்திகையில வருவேன், எந்த நாள்னு சொல்லமாட்டேன். அப்போ அந்தம்மா கொரல் இல்லாம வெச்சுக் காட்டணும். புள்ளை எளைச்சிருந்தா அப்பவே தூக்கிட்டுப் போய்டுவேன்."

"சரி அண்ணி."

இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. வாயால் சொன்னான்.

அவள் குழந்தையைப் படுக்கவைக்க உள்ளே போனாள். அவன் கொல்லையில் கருகிய சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். நிமிர்த்திப் பார்த்தான். தேங்காய் நாரால் தேய்த்தான். வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமினான்.

"அக்கா," என்றான். "அடி பிடிச்ச சட்டியை இன்னா பண்றது?"

பாத்திரச் சத்தம் நின்றது.

"புளிச்ச கஞ்சி ஊத்தி ஊற வை தம்பி. இன்னைக்கி விடாது. நாளைக்கு விடும்."