அத்தாயியின் கடைவாய்ப்பல்

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் சின்னையனின் ஜீப் இரண்டு சக்கரத்தில் திரும்பியது. ஹாரன் கெட்டு மூன்று மாதமாகியிருந்தது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பக்கத்து சீட்டில் காய்ச்சலோடு சாய்ந்துகிடந்த அவன் மனைவி அத்தாயியின் பல் துடிக்கும் சத்தம் இரண்டு வளைவுக்குக் கீழே வரை கேட்டது. ஏறி வந்த லாரிகள் தாமாகவே ஒதுங்கி நின்றன. 1983 மார்ச், காப்பிப் பூ பூத்திருந்த வாரம். அடிவாரம் தாண்டி சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் இதயம் நின்றுவிடக் கூடாது என்பது அவன் கவலை. அங்கே டாக்டர் ஞானம் இருக்கக் கூடாது என்பது அதற்கடுத்த கவலை.

அந்தப் பல் துடிக்கத் தொடங்கியது 1978இல். வலது பக்கக் கீழ்ப்பல், சொத்தை. சத்தம் முதலில் அவளுக்கு மட்டும் கேட்டது, பிறகு வீட்டுக்கு, ஆடி முடிவதற்குள் வெள்ளக்கடை ஊர் முழுவதற்கும். பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் அந்தத் தாளத்துக்குத்தான் ராகி இடித்தாள். எஸ்டேட்டில் நடந்த பல் முகாமுக்கு அத்தாயியை அழைத்துப் போனதும் அவள்தான். டாக்டர் ஞானம் பார்த்துவிட்டு, பல்லைப் பிடுங்க வேண்டும், விட்டுவைத்தால் கிருமி ரத்தத்தில் கலந்து இதயம் வரை போகும் என்றார். அடுத்த புதன்கிழமை சேலத்துக்கு வரச் சொன்னார். அத்தாயி வீட்டுக்கு வந்து சொன்னது வேறு.

"ஏனுங்க, டாக்டரு நொம்பத் தங்கமானவங்க. தாடையத் தொட்டுப் பாத்தாங்க பாருங்க, கை பஞ்சாட்டம் இருந்துச்சு."

கல்யாணமான ஏழு வருஷத்தில் ஜீப்பைத் தவிர எதையும் உற்றுப் பார்த்திராத சின்னையன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"தொட்டானா?"

"தொட்டாங்க," என்றாள் அவள், மரியாதை குறையாமல்.

"கண்டவன் முன்னாடி வாயப் பொளந்துட்டு உக்கார வேண்டாம் புள்ள. கிராம்பு எண்ண நான் வாங்கியாறேன்."

வாங்கியும் வந்தான். அதன்பின் ஐந்து வருஷம் அவனுக்குத் தூக்கமில்லை. மத்தியானம் மஞ்சக்குட்டைக்குப் போகும் ட்ரிப்பை விட்டுவிட்டு வீட்டை எட்டிப் பார்த்தான். வாரம் ஒருமுறை சோதனை வைத்தான்: "ஞானம்" என்று திடீரெனச் சொல்லி அவள் முகத்தையே பார்ப்பான்; பல் தடதடவென வேகமெடுக்கும். வேறென்ன சாட்சி வேண்டும்? அவனுக்குள் பொறாமை ஏற ஏற, அவளுக்குள் சத்தம் இறங்கியது. எழுபத்தொன்பதில் தாடை வீங்கியது, எண்பத்தொன்றில் கழுத்தில் கட்டி. மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸைப் போல, ஒவ்வொரு வளைவிலும் நின்று நிதானித்து, எண்பத்து மூன்றில் அது நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. விடாத காய்ச்சல், மூச்சிரைப்பு. பல்லும் இதயமும் மாறி மாறி அடித்தன.

பல்லிலிருந்து போன கிருமி இதய வால்வில் உட்கார்ந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆறு வாரம் ஊசி. பல்லையும் எடுத்தாக வேண்டும். டாக்டர் ஞானத்துக்கு ஆளனுப்பியதாகக் கேள்விப்பட்டதும் சின்னையன் ஜீப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து வார்டு வாசலை மறித்து நின்றான்.

வந்தவர் கைத்தறிச் சேலை கட்டிய, ஐம்பதைத் தாண்டிய அம்மாள்.

"நகருங்க தம்பி. நான்தான் ஞானம்," என்றவர் ஸ்பேனரைப் பார்த்தார். "என்ன, நீங்களே புடுங்கறதா உத்தேசமா?"

பிடுங்கிய பிறகும் பல் துடிப்பதை நிறுத்தவில்லை. மற்ற நோயாளிகள் தூங்க முடியவில்லை என்று புகார் செய்ததால் அதை அவனிடமே கொடுத்தனுப்பினார்கள். சின்னையன் தீப்பெட்டியில் போட்டு ஸ்டியரிங் அருகே வைத்தான். வண்டியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் 'ஹாரன் உண்டு' என்று எழுதிக்கொண்டார். அத்தாயி பிழைத்தாள், மேடு ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும்.

1991இல் ஒருநாள், அதே ஒன்பதாவது வளைவில், அவன் கேட்டேவிட்டான்.

"பொம்பளைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொத வாரமே கூட்டிட்டுப் போயிருப்பேன். செத்துப் பொழச்சியே புள்ள, ஏன் சொல்லல?"

அத்தாயி தீப்பெட்டியைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்தப் பேரச் சொல்றப்ப மட்டுந்தானுங்க நீங்க என் மொகத்தப் பாத்தீங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். தீப்பெட்டிக்குள் பல் வேகமெடுத்தது. கீழிருந்து ஏறி வந்த பால் வண்டி ஒதுங்கி நின்றது.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.