ஒபிட்சோ ஊர் திரும்பியது

கியோஜாவின் உப்பளக் காற்று மபீலியாவுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. குளிர்காலம் தொடங்கியதும் இருமல் நெஞ்சில் குடியேறிவிட்டது. அவள் கணவர் ஒபிட்சோ ஒரு காலத்தில் பதுவா நகரமே கூடி இலைமுடி சூட்டிய கவிஞர். பழைய ரோமானியர்களின் லத்தீனில் ஒரு கொடுங்கோலனைப் பற்றி அவர் எழுதிய நாடகத்தை வருஷந்தோறும் கிறிஸ்துமஸுக்கு நகர மன்றத்தில் வாசிப்பார்கள். புதிய பிரபு நகரத்தைப் பிடித்ததும் வாசிப்பு நின்றது. எழுதியவரையும் ஊரைவிட்டு இந்தக் கடலோர ஊருக்கு விரட்டினார்கள்.

ஒருநாள் மபீலியாவின் தம்பி ரைனெரோ படகில் வந்து இறங்கினான். பிரபுவிடம் வேலை பார்ப்பவன்.

"மச்சான், வீட்டைத் திருப்பித் தந்துடறாராம். சபையில நின்னு, எழுதினது தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்."

"எந்த வார்த்தை? எனக்கு நிறையத் தெரியுமே."

"இந்தக் குசும்புதான் உங்களை இங்க கொண்டுவந்து தள்ளிச்சு."

உள்ளேயிருந்து மபீலியாவின் குரல் வந்தது. "ஏங்க, சாகறப்பவாவது என் வீட்ல இருக்கேனே."

ஒபிட்சோவுக்கு வாதாடத் தெம்பில்லை. "சரி, மூட்டையைக் கட்டு" என்றார்.

பதுவாவில் பிரபுவின் சபையில் நின்று, எழுதியது தப்பென்று லத்தீனில் சொல்லி முடித்தார். பிரபு சிரித்தார்.

"அது பாதிரிமாருக்குப் புரியும். எங்க ஆளுங்களுக்கும் புரியற மாதிரி சொல்லுமய்யா."

மீன்கடையில் பேசும் பேச்சில் ஒபிட்சோ ஒருநாளும் எதையும் எழுதியதில்லை. இப்போது அதில் சொன்னார்: "நான் எழுதினது தப்பு." அவரைப் படித்துத்தான் லத்தீன் பித்துப் பிடித்த பத்திர எழுத்தர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை.

படியிறங்கும்போது அவர்களில் ஒருவரான ஸிலியோ கூடவே வந்தார்.

"வர்ற கிறிஸ்துமஸுக்கும் என் வீட்ல கதவைச் சாத்திக்கிட்டு உம்ம நாடகத்தை வாசிக்கத்தான் போறோம்."

"இப்பத்தானே தப்புன்னு சொன்னேன்? காதுல விழலையா?"

"விழுந்துது. உமக்கு அது தப்பா இருக்கலாம். அதுக்கு நாங்க என்ன பண்றது?"

ஒபிட்சோவுக்குக் கோபமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. அந்த நாடகம் இனித் தன் கையில் இல்லை என்று மட்டும் புரிந்தது.

"குளிருது ஸிலியோ. நான் போறேன்."

வீட்டில் மபீலியா தன் பழைய கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"ரெண்டு தரம்."

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்காகத்தானே?" என்றாள்.

"கொஞ்சம் தள்ளிப் படு" என்றார் ஒபிட்சோ. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.