தேதி இல்லாமல் வந்தவர்

மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் இரண்டாம் மேசையில் உட்கார்ந்திருந்த ஏசுதாசன், வெளிநாட்டுப் பயணிகளின் பாஸ்போர்ட்டில் ‘இத்தனையாம் தேதிவரை தங்கலாம்’ என்று எந்தத் தேதியை எழுதினாலும், மை காய்வதற்குள் அது அந்தப் பயணி உண்மையிலேயே நாட்டை விட்டுப் போகும் தேதியாக மாறிவிடும். 1964 ஜனவரியில் இது தொடங்கியது. முதலில் மையைச் சந்தேகித்து மைக்கூட்டை மாற்றினார்கள். பிறகு பேனாவை மாற்றினார்கள், பிறகு மேசையை. ஏசுதாசன் முதல் மேசைக்குப் போனதும் முதல் மேசையில் தேதிகள் மாறின. இரண்டாம் மேசையில் எழுதியது எழுதியபடி நின்றது. மேலதிகாரி ஸ்ரீநிவாசன் ஓராண்டு காலம் வருகைப் பதிவேட்டையும் புறப்பாட்டுப் பதிவேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒருவர்கூடத் தவறவில்லை என்று கண்டதும் கோப்பில் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஏசுதாசனை அவருடைய பழைய மேசைக்கே அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு, அனுமதித்ததைவிடத் தள்ளி ஒரு தேதி விழுந்தால், அந்தப் பயணிக்கான நீட்டிப்பு உத்தரவை அன்றே தட்டச்சு செய்து தயாராக வைத்துவிடுவது அலுவலக வழக்கமாயிற்று.

ஏசுதாசன் மேற்குத் தாம்பரத்தில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் குடியிருந்தார். காலையில் டிபன் கேரியரோடு மின்சார ரயிலில் போவார், மாலையில் காலி கேரியரோடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று பாடுவார். தன் கையில் ஏதோ சக்தி இருப்பதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. கையெழுத்து சரியில்லாத பிள்ளைபோல அதைப் பற்றிக் கொஞ்சம் கூச்சப்பட்டார், அவ்வளவுதான். வருகிறவர்களுக்கு அந்தக் கூடத்தில் நடப்பது என்னவோ எல்லா விமான நிலையத்திலும் நடப்பதுதான். முதலில் அம்மை குத்திய சான்றிதழைப் பார்ப்பார்கள். அடுத்து ஏசுதாசனின் மேசை: எங்கிருந்து வருகிறீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், எத்தனை நாள், என்ன காரியம். அதற்கப்புறம் சுங்கத்துறை ஆள் பெட்டியைத் திறந்து சேலைகளுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து, வெளியே சாக்குக்கட்டியால் ஒரு கோடு கிழிப்பார். கோடு விழுந்தால் போகலாம். ஆனால் விஷயம் வெளியே பரவியபின், குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் வீட்டுக்காரர்கள் வந்த விருந்தாளி தலைகுளிக்கப் போன நேரத்தில் அவர் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்க முப்பது நாள் தங்குவதாகச் சொல்லிப் பினாங்கிலிருந்து வந்த ஒருவருக்கு நான்காம் நாள் தேதி விழுந்தது. அவர் சிரித்துவிட்டுப் போனார். நான்காம் நாள், பந்தியில் தாய்மாமனோடு நடந்த சண்டையில் பாதி இலையில் எழுந்து நேரே விமான நிலையத்துக்கு வந்தார்.

சிலருக்கு மட்டும் தேதியே நிற்காது. எழுதிய மை நீர்போல வெளுத்து, தாள் வெறுமையாகிவிடும். முதல் ஆண்டில் அப்படி நான்கு பேர். நான்கு பேருமே இங்கே இறந்து, இங்கேயே மண்ணுக்குப் போனார்கள். கடைசியானவர் நங்கநல்லூரில் மகன் வீட்டில் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது போனார் என்று தெரிந்த அன்று ஏசுதாசனுக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பின் தேதி மறைந்தால், அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, பாஸ்போர்ட்டை இரண்டு கைகளாலும் கொடுப்பார். பயணிகள் அதை இந்த ஊர் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

1965 மார்ச்சில் ஐந்தாவதாகத் தேதி மறைந்து, அவரை அப்படி எழுந்து நிற்க வைத்தவர் சத்தியநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவைத் துறையில் வேலை. மார்புச் சளிக்கு வைத்தியம் பார்க்கத் தாம்பரம் காசநோய் சானடோரியத்துக்கு வந்திருந்தார். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் மூன்று முறை இருமினார். ஏசுதாசன் அன்று மாலை வீட்டு ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

1968 ஜூன் மாதம், யாழ்ப்பாணம் வழியாக வரும் கொழும்பு விமானத்தில் ஞானசௌந்தரி வந்திறங்கினார். முப்பத்து நான்கு வயது, உடுவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என்ன காரியம் என்று ஏசுதாசன் கேட்டார்.

“என்ர அவரைத் தேடி வந்தனான். சுகமில்லாமல் இங்கை வந்தவர். ரெண்டு வருசமாக் கடுதாசி இல்லை,” என்று சொல்லி ஒரு புகைப்படத்தை மேசைமேல் வைத்தார். ஏசுதாசனுக்கு அந்த முகம் தெரிந்திருந்தது. தேதி மறைந்த எல்லாருடைய முகமும் அவருக்குத் தெரியும். தெரிந்தது அவர் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

“நீங்கள் இவரைக் கண்டிருக்கிறியள். சொல்லுங்கோ.”

அவர் தயங்கினார். பின்னால் வரிசை நின்றது. “மனசைத் திடப்படுத்திக்குங்கம்மா. அவர் திரும்பி வரமாட்டார்,” என்றார்.

ஞானசௌந்தரி அழவில்லை. புகைப்படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்து, பையின் கொக்கியை இரண்டு முறை அழுத்தி மூடினார். ஏசுதாசன் முப்பது நாள் கணக்கிட்டு ஜூலை பதினான்கு என்று எழுதினார். அது வெளுத்துப் போயிற்று. சட்டென்று பாஸ்போர்ட்டை மூடி, எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் கொடுத்தார். அந்தப் பெண் திடகாத்திரமாக இருந்தார், சாகிற வயதும் இல்லை. அன்று அதற்கப்புறம் வந்தவர்களிடம் அவர் எத்தனை நாள் என்று கேட்க மறந்து போனார்.

ஞானசௌந்தரி தாம்பரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் அறை எடுத்தார். ஒரு வெள்ளைச் சேலை வாங்கி உடுத்திக்கொண்டு, ஒன்பது நாள் சுற்றுவட்டாரக் கல்லறைத் தோட்டங்களில் ஒவ்வொரு சிலுவையாகப் படித்தார். பெயர் இல்லை. பத்தாம் நாள் சானடோரியத்துக்கே போய்க் கேட்டார். அங்கிருந்த எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, உட்காரச் சொல்லி, வாசித்துக் காட்டினார். அன்று மாலையே ஞானசௌந்தரி விசாரித்து விசாரித்து ஏசுதாசனின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“அறுபத்தாறாம் ஆண்டு மே மாதம் சுகமாகிப் போயிட்டாராம். நிறை பதினொரு றாத்தல் கூடியிருந்ததாம்,” என்றார். “நான் ஒன்பது நாள் வெள்ளை உடுத்தனான், ஐயா.”

ஏசுதாசனால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தேதி இல்லை என்றால் சாவு என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டதை அவர் அப்போதுதான் உணர்ந்தார். போகமாட்டார்கள் என்பதைத் தவிர அந்த வெற்றுத்தாள் ஒன்றும் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னவர் அவர்.

பதிவேட்டில் முடிச்சூர் என்று விலாசம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் பஸ்ஸில் போனார்கள். நாற்று நட்ட வயல்களைத் தாண்டி ஓலைக்கூரை போட்ட வீடு. வாசலில் ஒரு பெண் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பெயர் சரசு, முன்பு சானடோரியத்தில் ஆயா வேலை பார்த்தவள். பக்கத்தில் கோணியில் ஒரு கைக்குழந்தை தூங்கியது.

“யாரு வோணும்?” என்றாள். சத்தியநாதன் என்று கேட்டதும், “கிணத்தாண்ட கீறாரு. நீங்க இன்னா ஒறவு?” என்றாள். ஞானசௌந்தரி பதில் சொல்வதற்குள் சத்தியநாதன் ஈரத் துண்டோடு வந்துவிட்டார். நன்றாகச் சதை போட்டிருந்தார். இருமல் இல்லை. சரசு இருவர் முகத்தையும் பார்த்தாள், முறத்தைக் கீழே வைத்தாள், குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்,” என்றார் ஞானசௌந்தரி.

“என்னெண்டு எழுதுறது எண்டு தெரியேல்லை.”

“இருக்கிறன் எண்டு எழுதியிருக்கலாம். ஒரு சொல்லுத்தானே.”

சரசு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்; ஞானசௌந்தரி அதை வாங்கிக் குடித்தார். திரும்பும்போது ஏரிக்கரையில் நின்று பாஸ்போர்ட்டை எடுத்துப் பிரித்தார். முத்திரை இருந்தது, தேதி இல்லை. ஏசுதாசன் எல்லாவற்றையும் சொன்னார், அந்த நான்கு பேரையும் சேர்த்து.

“அப்ப நான் சாகப் போறனோ, நிக்கப் போறனோ?”

“தெரியலைம்மா. ஒருதரம் தெரியும்னு சொல்லி உங்களை வெள்ளை கட்ட வச்சுட்டேன். இனிமே சொல்லமாட்டேன்.”

“ரெண்டும் இல்லை. நான் போகப் போறன்,” என்றார் ஞானசௌந்தரி.

ஜூலை பதினான்காம் தேதி அவர் விமானம் ஏறினார். விமானம் தெற்கே கடல்மேல் ஒரு மணி நேரம் பறந்து மீனம்பாக்கத்திலேயே இறங்கியது. விமானி, திசைகாட்டி சரியாகத்தான் இருந்தது, நேராகத்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்தார். மறுவாரமும் அப்படியே. மூன்றாம் முறை அவரை மட்டும் இறக்கிவிட்டுப் புறப்பட்டபோது மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்கள். விமான நிறுவனத்தார் ஓர் ஆளிடம் பிஸ்கட் டப்பா கொடுத்தனுப்பி, தயவுசெய்து இனி டிக்கெட் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ராமேஸ்வரம் போய்க் கப்பல் ஏறலாம் என்று ரயிலில் உட்கார்ந்தார். பொத்தேரி தாண்டும்போது கண்ணயர்ந்தவர், விழித்தபோது பெட்டியோடு தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். ரயில் தன்பாட்டுக்கு ராமேஸ்வரம் போயிருந்தது.

அன்று அவர் நேரே மீனம்பாக்கம் போய், இரண்டாம் மேசையில் பாஸ்போர்ட்டைப் போட்டார். “எனக்கொரு தேதி எழுதித் தாங்கோ. எந்தத் தேதியெண்டாலும் சரி. அம்மா இருக்கிறா. வகுப்புப் பிள்ளையள் இருக்கினம்.” குரல் முதன்முறையாக உடைந்தது. ஏசுதாசன் எழுதினார். ஆகஸ்ட் ஒன்று என்று எழுதினார், டிசம்பர் என்று எழுதினார், அடுத்த வருஷம் என்று எழுதினார். ஒவ்வொன்றாக வெளுத்தது. அவர் வியர்வை தாளில் சொட்டியது. பதினோராவது தேதியை எழுதும்போது ஞானசௌந்தரி அவர் பேனாவை மெல்லப் பிடித்து நிறுத்தினார். “விடுங்கோ ஐயா. உங்கட கை நோகும்,” என்றார்.

அனுமதி முடிந்தும் தங்கியிருக்கிறார் என்று ஒரு கோப்பு திறக்கப்பட்டது. ஸ்ரீநிவாசன் இரண்டு நாள் சட்டப் புத்தகத்தைப் படித்தார். பாஸ்போர்ட்டில் குறித்த தேதிக்குமேல் தங்குவதுதான் குற்றம். குறித்த தேதி இல்லாதபோது அதற்குமேல் தங்க யாராலும் முடியாது என்று எழுதிக் கோப்பை மூடினார். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு போலீஸ்காரர் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

பெருங்களத்தூர்ப் பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஞானசௌந்தரிக்கு வேலை கிடைத்தது. பூகோளமும் கணக்கும் நடத்தினார். ஒரே வருஷத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஆஜர் சொல்லும்போது யாழ்ப்பாணத்து வழக்கப்படி “ஓம் டீச்சர்” என்றார்கள். பெற்றோர் ஆரம்பத்தில் சிரித்தார்கள், பிறகு தாங்களும் சொன்னார்கள். உடுவிலுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினார், ஒரு வாரமும் தவறாமல். அம்மா இரண்டுமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் தனக்கு விழுந்த தேதியிலேயே ஊர் திரும்பினார். ஒவ்வொரு ஜூலையிலும் கான்ஸ்டபிள் சின்னப்பன் சைக்கிளில் வந்து, “எப்போ கெளம்புறீங்க டீச்சர்? எழுதிக்கணும்,” என்பார். தேநீர் குடிப்பார். நோட்டில் புறப்படும் தேதிக்கான பத்தியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, மகனுக்கு வராத வகுத்தல் கணக்கைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார். சாவு வருமென்று சில மாதம் எதிர்பார்த்திருந்த ஞானசௌந்தரி, பரீட்சைத் தாள் திருத்துகிற மும்முரத்தில் அதை மறந்துபோனார். ஏசுதாசன் மட்டும், தேதி மறைந்தவர்களுக்கு எழுந்து நிற்பதை நிறுத்தவில்லை. ஆனால் அதன்பின் அவர் முகம் சோகமாக இருந்ததில்லை. “தங்குறதுக்கு நல்ல வீடாப் பாருங்க,” என்று மட்டும் சொல்வார்.

1973 ஜூனில், பள்ளி திறந்த இரண்டாம் நாள், சரசு, அன்று கோணியில் தூங்கிய பெண்குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலையில் எண்ணெய் வழிய, புதுப் பாவாடையில், குழந்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. முடிச்சூரிலிருந்து வருகிற வழியில் வேறு இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன.

“அக்கா, இத்த நீங்களே படிக்க வைக்கணும்,” என்றாள் சரசு. “அவுரு வோணான்னாரு. மூஞ்சில முழிக்க வெக்கமாம். நாந்தான் இட்டாந்தேன்.”

ஞானசௌந்தரி குழந்தையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய நெற்றி என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

“நடுவுல நீங்க ஊருக்குப் பூட்டீங்கன்னா இதும் படிப்பு இன்னா ஆவுறது? அத்தயும் கேட்டுக்கலாம்னு வந்தேன்.”

“நான் போறேல்லை. எனக்குத் தேதி இல்லை.”

“ஆமா, அவுருக்கும் கெடயாது,” என்றாள் சரசு, ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை என்கிற மாதிரி. “அப்ப சரி.”

பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்காத காலம். வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம். ஞானசௌந்தரி குழந்தையைப் பக்கத்தில் அழைத்துக் காதைத் தொடச் சொன்னார். குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை வளைத்தது. ஓர் அங்குலம் எட்டவில்லை. ஞானசௌந்தரி சேர்க்கைப் புத்தகத்தில் பெயரை எழுதியபடியே, இடது கை விரலால் அந்தச் சின்ன முழங்கையை லேசாகத் தள்ளினார்.

“எட்டுது,” என்றார்.