இரண்டு பெயர் போட்ட கேக்

நானும் என் தங்கையும் இரட்டையர். கொஞ்ச நேரம் முந்திக்கொண்டதால் நான் அக்கா. அவள் பாடகி, தெருவில் இறங்கினால் நாலு பேர் செல்பி எடுக்க ஓடி வருவார்கள். நான் பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள். ஊரில் நடக்கிற பிறந்தநாளெல்லாம் என் கையால்தான் நடக்கிறது, என்னுடையதைத் தவிர.

அதற்காக நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அம்மாவைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டு வேலைக்கு ஓடவே நேரம் போதவில்லை, பொறாமைப்பட எங்கே நேரம்? ஒரே ஒரு ஆசைதான். நாங்கள் இரண்டு பேராகப் பிறந்தோம் என்று அவள் வாயால் நாலு பேர் முன்னால் ஒருமுறை சொல்ல வேண்டும். எத்தனையோ பேட்டி கொடுத்துவிட்டாள், ஒன்றிலும் நான் இல்லை.

போன வாரம் அவளே போன் செய்தாள். "அக்கா, பொறந்தநாள் அன்னைக்குக் காலையில டிவியில வரேன். இந்தத் தடவை உன்னைப் பத்திக் கண்டிப்பா சொல்றேன். அம்மாவோட உக்காந்து பாரு."

நம்பினேன். சூடுசொரணை இல்லாத மனசு, நம்பிவிட்டது. முதல்முறையாக எங்களுக்கென்று ஒரு சின்ன கேக் செய்து, இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அரைநாள் லீவு கேட்டதற்கு, "உனக்கும் பொறந்தநாளெல்லாம் வருமா?" என்று முதலாளி சிரித்தார். வரும் சார், வருஷா வருஷம் வரும்.

அம்மாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். டிவியில் தொகுப்பாளர் தங்கையிடம் கேட்டார்: "உங்க பொறந்தநாள்லயே வேற யாரெல்லாம் பொறந்திருக்காங்கன்னு தெரியுமா மேடம்?"

டிவி சத்தத்தைக் கூட்டினேன். இதைவிட வாகாக ஒரு கேள்வி வருமா? சொல்லுடி, சொல்லு.

"தெரியுமே!" என்றாள். ஒரு விஞ்ஞானியைச் சொன்னாள். ஒரு கால்பந்து வீரரைச் சொன்னாள். எந்த நாட்டிலோ பிரதமராக இருந்தவரைச் சொன்னாள். மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் பாவி. "இவங்க பொறந்த நாள்ல நானும் பொறந்தேன்கிறதே எனக்குப் பெருமை" என்று முடித்தாள். கைதட்டினார்கள். விளம்பரம் வந்தது.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடி? அந்தத் தேதியில பொறந்தது ஒண்ணுகூடச் சோடை போகலை."

யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சமையலறைக்குப் போய் கேக் டப்பாவைத் திறந்தேன். பெயர் தப்பு என்று வாடிக்கையாளர் சண்டை போட்டால் கடையில் எப்படிச் செய்வேனோ, அப்படியே தட்டைக் கத்தியால் தங்கையின் பெயரை வழித்தெடுத்து, தடம் தெரியாமல் க்ரீமைப் பூசினேன். என் பெயர் மட்டும் நின்றது. கொண்டுபோய் அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்க்கட்டும். இன்றைக்காவது பார்க்கட்டும்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

"அட, பேரை மாத்தி எழுதிட்டாங்களே! கடையில குடுக்கும்போது பாத்து வாங்கக் கூடாதாடி?"

விளம்பரம் முடிந்து தங்கை மறுபடி வந்தாள்.

"ஆமாம்மா, பாக்காம வாங்கிட்டேன்" என்றேன். அம்மா டிவியைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். ஒரு துண்டு வெட்டி ஊட்டினேன்.