ஈரத்துணி கேட்ட கேள்வி

டைல்ஸ் கடையில் அவர் மேலாளர். மேலாளர் என்றால் பெயருக்குத்தான். குளியலறைக்கு வழுக்காத டைல் எது என்று தொண்டை வறளச் சொல்லுவார். வந்தவர்கள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சரக்கு ஏற்றுகிறவர்களுக்கும் அவர் பேச்சு காதில் ஏறாது. முதலாளிக்கு அவர் முகம் ஞாபகம் இருக்கிறதா என்பதே சந்தேகம். அப்படி நாள் முழுக்க வாயைத் தேய்த்துவிட்டு வீடு திரும்பும் மனிதருக்குத் தன் பேச்சு எடுபடுகிற ஓர் இடம் வேண்டாமா?

கிடைத்தது. போனிலும் கணினியிலும் திறக்கிற 'வீட்டுக் கணினி உதவிக் குழு'. கணினி மக்கர் செய்தால் அங்கே போய்க் கேட்கலாம். அதே கஷ்டத்தைப் பட்டவர்கள் வழி சொல்வார்கள். நல்ல நோக்கம்தான், ஆரம்பித்தவர்கள் நல்லவர்கள்தான். அங்கே நம்மவருக்குப் பெயர் 'குரு'. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், அவரேதான் வைத்துக்கொண்டார்.

குரு எந்தக் கேள்விக்கும் சளைத்ததில்லை. கணினி மெதுவாகப் போகிறதா, ஃபார்மேட் பண்ணுங்க. பாட்டு கேட்கவில்லையா, ஃபார்மேட் பண்ணுங்க. பிரிண்டர் காகிதத்தைக் கடிக்கிறதா, அதற்கும் அதேதான். கணினியின் ஹார்ட் டிஸ்கில், அதாவது வட்டில், இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தால் எந்தக் கோளாறும் ஓடிவிடும் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஃபைல் எல்லாம் போய்விடுமே என்று யாராவது இழுத்தால், "பேக்கப் எடுக்காதவனுக்கு அழ உரிமை இல்லை" என்று ஒரே போடு. நகல் எடுத்து வைக்காத பாவிகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

குழுவின் சட்டதிட்டங்களையும் அவர்தான் எழுதினார். குரு பதில் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி பூட்டப்படும், அதற்குப் பிறகு அதில் யாரும் ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது. ஒருமுறை பதில் வந்த கேள்வியை இன்னொருவர் கேட்டால் பழைய பதிலின் சுட்டியைக் கொடுத்துவிட்டு அதையும் பூட்ட வேண்டும். வெறும் நன்றி சொல்லும் பதிவுகள் இடத்தை அடைப்பதால் உடனடியாக நீக்கப்படும். இதையெல்லாம் நடைமுறைப்படுத்த ஒரு பல் டாக்டர் இருந்தார். குழுவில் அவருக்குப் பெயரே 'பூட்டு'. நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்போதுகூட ஒரு கேள்வியைப் பூட்டிவிட்டுத்தான் இடுக்கியை எடுப்பார் என்று பேச்சு.

அன்று குருவுக்கு விடுமுறை. காலையில் கணினியைப் போட்டார். திரை கறுப்பாகவே நின்றது. மேல் மூலையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. தொடங்குவதற்கு உள்ளே எதுவும் கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அணைத்துப் போட்டார். அதே வரி. ஒயரைப் பிடுங்கிச் செருகினார். அதே வரி.

கணினி அவருடையதல்ல, அவர் மனைவியுடையது. அவள் மொழிபெயர்ப்பாளர். தேனீக்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை வருஷக்கணக்கில் உட்கார்ந்து தமிழாக்கிக்கொண்டிருந்தாள். பதிப்பகத்துக்கு நாளைக்குக் கொடுக்க வேண்டும். புத்தகம் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. "வேலை முடியற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

அவர் போகாமல் இருப்பாரா? நேற்றுச் சாயங்காலம் அவள் கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து உட்கார்ந்தார். ஃபார்மேட் போடுவதற்கென்றே அவரிடம் ஒரு பென்டிரைவ் உண்டு, சட்டைப்பையில் பேனா மாதிரி வைத்திருப்பார். கணினி எழுந்ததும் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று உள்ளே ஒரு வரிசை இருக்கும். முதலில் வட்டைப் பார், பிறகு பென்டிரைவைப் பார் என்று இருந்ததை, முதலில் பென்டிரைவைப் பார் என்று மாற்றினார். தன் பென்டிரைவ் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். செய்தது. திருப்தியாகப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வரிசையைப் பழையபடி மாற்றவில்லை. பென்டிரைவைத்தான் எடுத்தாயிற்றே, இனி அது வட்டைத்தானே பார்க்கும் என்று நினைத்தார். நினைப்பென்னவோ சரிதான்.

"என்னங்க, அந்த ரூம்ல என்ன பண்றீங்க?" முன்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அச்சடித்த தாள்களைப் பரப்பிக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. தூசி தட்டறேன்."

"தட்டுங்க. சாப்பிட்டதும் நான் உட்காரணும். கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி."

சாப்பாட்டு வேளைக்கு அதிக நேரமில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழுவில் கேட்கலாம்தான். ஆனால் குரு என்ற பெயரோடு போய், ஐயா என் கணினி எழவில்லை என்று எப்படிக் கேட்பது? மானம் போய்விடாதா? போனை எடுத்துப் 'புதியவன்' என்ற பெயரில் இன்னொரு கணக்கு திறந்தார். எழவு, இந்த நிலைமையா நமக்கு என்று முனகிக்கொண்டே எழுதினார்: "வணக்கம். கணினி எழவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் வருகிறது. உள்ளே மனைவியின் முக்கியமான புத்தகம் இருக்கிறது. உதவுங்கள்."

பூட்டு உடனே வந்தார்.

"இதுக்கு ஏற்கெனவே குரு பதில் சொல்லியிருக்கார். தேடிப் பார்த்துட்டுக் கேட்கற பழக்கம் கிடையாதா?" என்று ஒரு சுட்டியைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைப் பூட்டிவிட்டார்.

குரு சுட்டியைத் திறந்தார். 'ஈரத்துணி' என்ற உறுப்பினர் முன்பு கேட்ட கேள்வி அது. அந்தப் பெண்மணி குழுவில் சேர்ந்த புதிதில், திரையை ஈரத்துணியால் துடைக்கலாமா என்று கேட்டிருந்தாள். குருவுக்கு அன்று கடையில் நல்ல மண்டகப்படி. வந்த கோபத்தில் ஊரறிய அவளை 'ஈரத்துணி' என்று கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, தன் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டுவிட்டாள். அதே ஈரத்துணி இங்கே, தன் தங்கை வீட்டுக் கணினியில் கறுப்புத் திரை வருகிறது, ஒரே வரி, என்ன செய்யலாம் என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். கீழே குருவின் பதில்: "ஃபார்மேட் பண்ணுங்க. அக்காவும் தங்கையும் கம்ப்யூட்டரைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்." அதோடு பூட்டு.

அவள் என்ன செய்தாள், அந்தக் கணினி எழுந்ததா, எப்படி எழுந்தது? ஒரு எழுத்து இல்லை. எழுதத்தான் வழியில்லையே. தான் போட்ட பூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு குரு பல்லைக் கடித்தார்.

புதியவன் மறுபடி ஒரு கேள்வி போட்டான். "ஃபார்மேட் பண்ணினால் புத்தகம் போய்விடுமே. வேறு வழி இல்லையா?"

இந்தத் தடவை கெமிஸ்ட்ரி டீச்சர் வந்தார். குருவின் பரம பக்தை. "பேக்கப் எடுக்காதவனுக்கு அழ உரிமை இல்லை. இது குரு வாக்கு. படிச்சுப் பயன்பெறுங்க."

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்?" என்று புதியவன் எழுதினான். கை முந்திக்கொண்டது.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். வந்து கால் ஊன்றுவதற்குள் குருவையே பேசுகிறாயா என்று டீச்சர் வறுத்தெடுத்தார். இவனைப் போன்றவர்களுக்குக் கணினி எதற்கு, கால்குலேட்டர் போதாதா என்று பூட்டு கேட்டார். அதுவும் குரு முன்பு யாரையோ கேட்டதுதான். அடியும் அவருடையது, முதுகும் அவருடையது.

வேறு வழியில்லாமல் குரு புதியவனை விட்டு வெளியே வந்து, சொந்தக் கணக்கில் நுழைந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக நிதானமாக யோசித்து எழுதினார்: "நண்பர்களே, மன்னிக்கவும். இந்தப் புதியவர் விஷயத்தில் ஃபார்மேட் வேண்டாம் என்று தோன்றுகிறது. தயவுசெய்து வேறு வழி இருந்தால் பொறுமையாகச் சொல்லுங்கள்."

"இது குரு இல்ல" என்றார் பூட்டு.

"எனக்கும் அதே சந்தேகம்தான். 'மன்னிக்கவும்'னு வருது பாருங்க. குருவோட கை இதை எழுதாது" என்றார் டீச்சர்.

"'தயவுசெய்து'ன்னு வேற வருது. யாரோ அவர் அக்கவுண்டைத் திருடிட்டாங்க. அந்தப் புதியவன் மேலதான் எனக்கு சந்தேகம்."

"யாராவது குருவுக்கு போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

யாரிடமும் அவர் நம்பர் இல்லை. இத்தனை காலம் பழகியும் ஒருவருக்கும் அவர் பேரோ வீடோ தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்களும் இல்லை. குரு பதறிப்போய், நான்தான், சத்தியமாக நான்தான் என்று எழுத ஆரம்பித்தார். பாதி வரியில் பூட்டு அவர் கணக்கைப் பூட்டிவிட்டார். குருவின் நன்மைக்காகத்தான்.

முன்னறையிலிருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. தேனீயைத் திருத்தும்போது சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. எரிச்சலாக இருந்தது.

சட்டைப்பையிலிருந்த பென்டிரைவை எடுத்தார். ஃபார்மேட் போட்டுவிட்டால் கணினியாவது எழும். எப்படிப் போயிற்றென்று தெரியவில்லை, வைரஸ் தின்றுவிட்டது என்று அவளிடம் சொல்லிவிடலாம். நடந்ததைச் சொல்லி அவள் முன்னால் தலைகுனிந்து நிற்பதைவிட அது சுலபம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வெட்கம் அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. பென்டிரைவைப் பெட்டியின் முன்பக்கம் செருகப் போனார்.

போன் சிணுங்கியது. புதியவனுக்குத் தனிச்செய்தி. அனுப்பியது ஈரத்துணி.

"எதையும் செருகாதீங்க. பெட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு பாருங்க. பச்சை கலர்ல சின்னதா ஒரு பென்டிரைவ் இருக்கும். அதைப் பிடுங்கிட்டுப் போடுங்க. என் தங்கச்சி வீட்டுலயும் அதேதான். முதல்ல பென்டிரைவைத் தேடுது, அதுல ஒண்ணும் கிடைக்காம அங்கேயே நின்னுடுது. அன்னைக்கே எழுதியிருப்பேன். பூட்டிட்டாங்க."

பெட்டி மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதன் பின்பக்கத்தை அவர் பார்த்ததே கிடையாது, குனிந்தால்தானே பார்ப்பதற்கு. முட்டி போட்டு, தலையை மேசைக்கடியில் விட்டுக் கையால் துழாவினார். சிலந்திவலை முகத்தில் ஒட்டியது. விரலில் சின்னதாக ஒன்று தட்டுப்பட்டது. பிடுங்கினார். பச்சை.

கணினியைப் போட்டார். ஒன்றுமே நடக்காதது போல அது எழுந்து வந்தது. தேனீப் புத்தகம் அத்தியாயம் அத்தியாயமாகத் திரையில் வரிசைகட்டி நின்றது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சை என்று அந்தப் பெண்மணிக்கு எப்படித் தெரியும்?

தங்கச்சி வீட்டுக் கணினி. ஈரத்துணி குழுவில் அதைக் கேட்ட சமயத்தில்தான் மனைவியும் தன் தங்கை வீட்டுக் கணினியைப் பற்றி அவரிடம் ஏதோ கேட்டாள், உன் தங்கச்சிக்கு எதை ஒழுங்கா வச்சுக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் குழுவில் பதில் எழுதப் போய்விட்டார். என்ன பதில் எழுதினார் என்பதும் இப்போது ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

அடுத்த செய்தி வந்தது. "வரும்போது பச்சையைக் கையோட எடுத்துட்டு வாங்க. புத்தகத்தோட நகல் அதுலதான் இருக்கு. தினமும் எடுத்து வைக்கறேன். பேக்கப் எடுக்காதவனுக்கு அழ உரிமை இல்லைன்னு நீங்க எழுதினதைப் படிச்சதிலேருந்து. நீங்க சொன்னதுல உருப்படியானது அது ஒண்ணுதான்."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. "நீங்க ஃபார்மேட் போட்டிருந்தாலும் என் புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. என்கிட்ட வந்து கேட்பீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

அவர் அந்த வரியை மறுபடியும் படித்தார். பிறகு போனில் குழுவைத் திறந்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில், புதியவனாக ஒரே ஒரு சொல் எழுதினார்: "நன்றி."

எழுதிய சூட்டிலேயே அது காணாமல் போனது. "வெறும் நன்றி போட்டு இடத்தை அடைக்கக் கூடாது. குரு வகுத்த விதி. இது கடைசி எச்சரிக்கை" என்று பூட்டு பதிந்திருந்தார்.

பச்சைப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். மனைவி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், போன் பக்கத்தில் கிடந்தது. அவர் தலையில் ஒட்டியிருந்த சிலந்திவலையைப் பார்த்தாள். அவர் பென்டிரைவை மேசையில் வைத்துவிட்டு, போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றார்.

"ஏதோ எழுதினீங்க போலிருக்கு. படிக்கறதுக்குள்ள அழிச்சுட்டாங்க" என்றாள்.

"அது வந்து..."

"இங்க சொல்லலாம். இங்க யாரும் பூட்ட மாட்டாங்க."

அவர் வாயைத் திறந்தார். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற வாய் அது. அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் சாப்பாடு ஆறிப்போய்விட்டது.