இரும்பு உருளைக்குள் முப்பது நாள்

முத்துச்செல்வியின் விரலில் வயரில் மாட்டும் பின் குத்தியதை முதலில் பார்த்தது பக்கத்து ஸ்டூலில் இருந்த நிலாதான். "அக்கா, ரத்தம்!" என்று அவள் கத்திய பிறகே முத்துச்செல்வி குனிந்து பார்த்தாள். நகக்கண்ணுக்குள் பின் ஏறியிருந்தது. எறும்பு கடித்த அளவுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு வயர் கட்டும் கம்பெனி அது. ஐந்து வருஷமாக அந்த லைனில் அவளைவிட வேகமான கை கிடையாது. போன வருஷம் மார்பில் கட்டி வந்து, அறுத்து, ஆறு தடவை கீமோ ஏற்றினார்கள். கட்டி போய்விட்டது. ஆனால் மருந்து நரம்பைத் தின்றுவிட்டது. விரல்கள் மரத்துப்போயின, பாதமோ தணலில் வைத்தாற்போல ஓயாமல் எரிந்தது.

"கையைச் சரி பண்ணிக்கினு வாம்மா, அப்பால பாக்கலாம்" என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார்.

சென்னை டாக்டர் ஒரு வழி சொன்னார். இரும்பு உருளைக்குள் படுக்கவைத்து, அழுத்தத்தைக் கூட்டி, சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்களாம். "சிலருக்குக் கேட்டிருக்கு. உனக்கும் கேக்கும்னு உறுதி சொல்ல முடியாது. முப்பது நாள் வந்து பாரு."

அண்ணன் அய்யாத்துரை ஒரகடத்தில் கேஸ் வெல்டர். கேட்டதுமே பதறிவிட்டான். "ஏட்டி, ஆக்சிஜனோட ஒரு சொட்டு எண்ண சேந்தாலே குப்புன்னு பத்திக்கிடும். அதுக்குள்ள போயிப் படுக்கப்போறியா?"

"இப்ப மட்டும் எரியாமலாண்ணே கெடக்கேன்?"

முதல் நாள் அவனும் கூடவே வந்தான். உருளையை இயக்கும் பகலவன், "தலைல எண்ணெ கிண்ணெ வெச்சிக்கீறியாமா?" என்று கேட்டான். அவள் முக்காட்டை விலக்கினாள். விரற்கடை முடி அப்போதுதான் முளைத்திருந்தது. அவன் உருளையின் மூடியைத் திறந்துவிட்டான்.

மூடியைச் சாத்தியதும் காது அடைத்தது. "எச்சில முழுங்குமா, சரியாப் பூடும்" என்று ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் அய்யாத்துரை ஒன்றரை மணி நேரமும் உட்காரவேயில்லை.

பதினெட்டாம் நாள் பஸ்ஸில் திரும்பும்போது பாதம் எரியவில்லை. நம்பமாட்டாமல் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். காலுக்குக் கேட்டால் கைக்கும் கேட்கும் என்று அன்றுதான் ஆசை வந்தது. தினமும் கண்ணை மூடிக்கொண்டு உளுந்தையும் கடுகையும் தடவிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

முப்பதாம் நாள் டாக்டர் விரலில் ஊசி முனையை வைத்தார். "தெரியுதா?"

"தெரியுது சார்."

"கண்ண மூடிக்கிட்டுச் சொல்லு."

கண்ணை மூடியதும் ஊசி எந்த விரலில் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் கம்பெனிக்குப் போய் நின்றாள். செய்து காட்டச் சொல்லி சூப்பர்வைசர் பத்து நிமிஷம் கொடுத்தார். பின்களைப் பார்த்துப் பார்த்து வயரில் பொருத்தினாள். பாதி பின்கள் தரையில் சிதறின. நிலா மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டே அழுதாள்.

கேட்டுக்கு வெளியே அய்யாத்துரை சைக்கிளோடு நின்றான். "என்ன சொன்னாவ?"

"வேண்டாம்னுட்டாவ."

கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன், "பேசாம நம்ம ஊரு முக்கூடலுக்கே போயிருவமா, செல்வி?" என்றான்.

"அங்க போயி? பீடிதான சுத்தணும். அதுக்கும் விரலுல்லாண்ணே வேணும்."